சூடாகி நின்றுபோகும் கார் ஆம்ப்: பதினொரு மாதம் நான் பட்டதும் கடைசியில் அளந்து கண்டதும்

2022 மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, கத்திரி வெயில் கொளுத்திய பிற்பகலில், அப்பாவை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். விராலிமலையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போயிருப்போம். ஒலித்துக்கொண்டிருந்த நாகஸ்வரக் கச்சேரி, தவில் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் திடீரென்று நின்றது. ஸ்டீரியோவின் திரையில் விநாடிகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. ஒலி மட்டும் இல்லை. துவரங்குறிச்சியில் தேநீருக்காக நிறுத்தியபோது, இன்ஜினை அணைக்காமல் டிக்கியைத் திறந்து, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரின், அதாவது ஆம்பின், மேல் கையை வைத்தேன். ஒரு விநாடிகூட வைத்திருக்க முடியாத சூடு. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்தது. இருபது நிமிடம் கழித்துக் கிளம்பியபோது அது தானாகவே பாட ஆரம்பித்தது. மேலூர் வருவதற்குள் மறுபடியும் நின்றது. அன்று தொடங்கிய தொல்லை அடுத்த ஏப்ரல் மாதம்தான் முடிந்தது. அதற்குள் நான் இழந்த பணத்தையும் விடுமுறை நாட்களையும் நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. யாராவது ஒருவர் முதல் நாளே "எதையும் மாற்றாதே, முதலில் அள" என்று சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்த பிறகு, படிப்பதற்குப் பதிலாகக் கேட்பதுதான் அவருடைய பொழுது. மாதம் இரண்டு முறை அவரை மதுரைக்கு அழைத்துச் செல்வேன். காரோடு வந்த ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கூர்மையாகக் கேட்டதே தவிர, தவிலின் கனத்த ஒலி எழும் தொப்பிப் பக்கத்து நாதம் காதில் விழவே இல்லை. அந்த ஒரு குறைக்காகத்தான் நான்கு சேனல்கள் (தனித்தனி ஒலி வெளியீடுகள்) உள்ள ஆம்ப் ஒன்றையும், பெட்டியோடு ஒரு சப்வூஃபரையும் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) பொருத்தினேன். ஆம்ப் 9,500 ரூபாய், சப் 7,200, ஒயர் செட் 1,400, கூலி 1,500 என்று மொத்தம் 19,600 ரூபாய் ஆனது. ஆம்பின் இரண்டு சேனல்கள் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு. மீதி இரண்டையும் இணைத்து, அதாவது பிரிட்ஜ் செய்து, சப்புக்குக் கொடுத்திருந்தார்கள். ஆம்பை சப் பெட்டியின் முதுகிலேயே திருகி வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் பொருத்தியபோது குளிர்காலம் என்பதாலும், ஊருக்குள் பத்து நிமிடம் பதினைந்து நிமிடம் மட்டுமே ஓட்டியதாலும் எந்தக் குறையும் தெரியவில்லை.

பொருத்திய கடைக்கே போனேன். வெயில் காலத்தில் ஆம்ப் சூடாகத்தான் செய்யும் என்று சொல்லி, 650 ரூபாய்க்கு ஒரு சிறிய ஃபேனை மாட்டிவிட்டார்கள். மூடிய டிக்கிக்குள் ஃபேன் என்ன செய்யும்? உள்ளே இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். முப்பது நிமிடத்தில் நின்றது நாற்பது நிமிடத்தில் நின்றது, அவ்வளவுதான் பயன். அடுத்த முறை போனபோது, பேஸ், அதாவது கனத்த ஒலி, அடிக்கும்போது கரண்ட் போதவில்லை, மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் கப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். 2,800 ரூபாய் கொடுத்து ஒரு ஃபேரட் கப்பாசிட்டரைப் போட்டேன். அது எவ்வளவு உதவும் என்பதைப் பிற்பாடு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 13 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஒரு ஃபேரட் கப்பாசிட்டர் கொடுக்கக்கூடிய ஆற்றல் 13.5 ஜூல். 300 வாட் இழுக்கும் ஒரு ஆம்புக்கு அது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூடப் போதாது. தொடர்ந்து அரைமணி நேரம் சூடாகி நிற்கும் ஆம்புக்கு அது எந்த வகையிலும் மருந்தாகாது. கப்பாசிட்டர் போடச் சொன்னால், போடுவதற்கு முன்னால் ஆம்பின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் சொல்லப்படும் பரிகாரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் கருகல் வாசனை வந்தது. ஓரமாக நிறுத்தி, பயந்துபோய் டிக்கியைத் திறந்தேன். ஆம்ப் செத்துவிட்டிருந்தது. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன என்று சொல்லி, பழுது பார்ப்பவர் 2,200 ரூபாய் வாங்கினார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த ஆம்பை, இம்முறை வேறொரு கடையில் முன்சீட்டுக்கு அடியில் பொருத்தினார்கள். கம்பளத்தின் மேல், மூன்று பக்கமும் அடைபட்ட இடத்தில் அது முன்னைவிட வேகமாகச் சூடானது. அக்டோபரில் பேட்டரி பலவீனமாக இருக்கிறது என்ற பேச்சை நம்பி 4,800 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி வாங்கினேன். நவம்பரில், ஆம்பே மட்டமான தயாரிப்பாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, 8,900 ரூபாய்க்கு வேறொரு ஆம்ப் வாங்கினேன். அதுவும் நாற்பதாவது நிமிடத்தில் நின்றது. "எனக்காக இவ்வளவு செலவு வேண்டாம்பா, வீட்டு ரேடியோவே போதும்" என்று அப்பா அன்று சொன்னார். சலிப்பில்லாமல், என் பணத்துக்காகக் கவலைப்பட்டுச் சொன்னார். அதனாலேயே அது அதிகமாக வலித்தது. இரண்டு வெவ்வேறு ஆம்ப்கள் ஒரே மாதிரி சூடாகி ஒரே மாதிரி நிற்கின்றன என்றால் குறை ஆம்பில் இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரண்டாவது ஆம்போடு வந்த சிறு புத்தகத்தை முதல் முறையாக முழுவதும் படித்தேன். சேனல்களைப் பிரிட்ஜ் செய்தால் இணைக்கும் ஸ்பீக்கரின் மின்தடை குறைந்தபட்சம் 4 ஓம்ஸ் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. என் சப் எத்தனை ஓம்ஸ் என்று எனக்குத் தெரியாது; எந்தக் கடையிலும் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுநாள் 750 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். ஆம்பிலிருந்து சப்பின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்தபோது 2.1 காட்டியது. மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் 0.3-ஐக் கழித்தால் 1.8. சாதாரண மீட்டர் காட்டுவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளின், அதாவது காயிலின், நேர்மின் தடை மட்டுமே. 4 ஓம்ஸ் என்று அச்சிட்ட காயில் மீட்டரில் 3.2-க்கும் 3.7-க்கும் இடையில்தான் காட்டும். ஆகவே 1.8 என்றால் ஆம்பின் கண்ணுக்கு அது 2 ஓம்ஸ் சுமை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். சப்பில் தலா 4 ஓம்ஸில் இரண்டு காயில்கள் இருந்தன. அவற்றைப் பக்கத்திணைப்பில், அதாவது பேரலலில், சேர்த்து 2 ஓம்ஸாக்கி வைத்திருந்தார்கள்.

இதன் விளைவைச் சற்று விளக்கியாக வேண்டும். பிரிட்ஜ் செய்த இரண்டு சேனல்களும் சுமையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே 2 ஓம்ஸ் சப் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம்ஸாகத் தெரியும். என் ஆம்பின் சேனல் ஒவ்வொன்றும் தாங்கக்கூடியது 2 ஓம்ஸ் வரைதான். தடை பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். டிரான்சிஸ்டர்கள் தாங்க வேண்டிய வெப்பமும் அதோடு ஏறும். என்னுடையதைப் போன்ற ஏபி வகை ஆம்ப்கள் தாம் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை வெப்பமாகவே வெளியேற்றுபவை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பேஸ் அதிகமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சில கடைகளில் ஓம்ஸைக் குறைத்து இணைத்துவிடுகிறார்கள். கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது அது வாடிக்கையாளருக்குப் பிடித்தும்விடும். இரண்டு காயில்களையும் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, மாற்றினேன். சுமை 8 ஓம்ஸ் ஆனது. ஒலி செத்துவிடுமோ என்று பயந்தேன். என் ஆம்ப் பிரிட்ஜில் 4 ஓம்ஸுக்கு 150 வாட்டும், 8 ஓம்ஸுக்கு 100 வாட்டும் கொடுக்கக்கூடியது. 150-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாடு இரண்டு டெசிபலுக்கும் குறைவு; காரின் இரைச்சலில் அது பெரிதாகத் தெரியவில்லை. அப்பாவும் எந்த மாற்றத்தையும் சொல்லவில்லை. சப் வாங்கும்போதே ஆம்பின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காயில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஓம்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வியைத் தவறவிட்டதே என் துன்பத்தின் பெரும்பாதி.

ஆனாலும் தொல்லை முற்றிலும் தீரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு ஆம்ப் நின்றது. மீட்டர் கையில் இருந்ததால் இம்முறை யாரையும் கேட்காமல் மின்னழுத்தத்தை அளந்தேன். இன்ஜின் ஓடும்போது, கனமான பேஸ் உள்ள ஒலியை வைத்துவிட்டு, பேட்டரி முனைகளில் அளந்தால் 14.0 வோல்ட், அதே நேரத்தில் ஆம்பின் முனைகளில் வெறும் 11.6. வழியில் 2.4 வோல்ட் காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நீளமான ஒயர் ஒன்றை மீட்டர் ஊசியோடு சேர்த்துக்கொண்டு, பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் ஆம்பின் பிளஸ்ஸுக்கும் இடையில் அளந்தேன்: 1.1 வோல்ட். பேட்டரியின் மைனஸுக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் (காரின் தகடு வழியாகப் பேட்டரியின் மைனஸோடு சேரும் முனை) இடையில் அளந்தேன்: 1.3 வோல்ட். எர்த் பக்கத்தில் அரை வோல்ட் இழந்தாலே அதிகம்; எனக்கு அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தபோது 30 ஆம்பியர் ஓடியது. 1.3 வோல்ட்டை 30 ஆம்பியரால் பெருக்கினால் 39 வாட். ஒரு சாலிடரிங் அயர்ன் கக்கும் வெப்பம் அந்த எர்த் திருகில் வீணாகிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், திருகு சுட்டது.

கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. டிக்கியின் தகட்டில் பெயின்டைச் சுரண்டாமலேயே, தகட்டில் துளையிட்டு ஒரு சிறிய திருகை ஏற்றி அதில் எர்த்தைக் கட்டியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. திருகின் மரைகள் மட்டுமே தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. புதிய இடத்தில் வெறும் உலோகம் பளபளக்கும் வரை பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் முனையில் வளைய வடிவ லக்கை அழுத்திப் பொருத்தி, போல்ட், நட், பல்வாஷர் வைத்து இறுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவினேன். எர்த் ஒயர் அரை மீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கட்டுவது பலருடைய வழக்கம். உயிர் காக்கும் போல்ட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். துளையிடும்போது தகட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் துளையிடுங்கள்.

பிளஸ் ஒயரின் கதை இன்னும் கசப்பானது. ஒயர் செட் வாங்கும்போது செம்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முனையைக் கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அத்தகைய ஒயரின் தடை அதே தடிமனுள்ள அசல் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல். அதோடு, தடித்த ரப்பர் உறையை நீக்கினால் உள்ளே இருக்கும் கம்பி பெயருக்குத்தான் 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயரின் தடிமன் கூடும்). நல்ல செம்பில் 8 கேஜ் ஒயர் ஐந்து மீட்டருக்கு 30 ஆம்பியரில் 0.3 வோல்ட் அளவுக்கு இழக்கும். 4 கேஜ் ஒயர் 0.12 வோல்ட்தான் இழக்கும். பியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. இழப்பின் இன்னொரு பகுதி அங்கே. என்னை உண்மையிலேயே நடுங்கவைத்தது வேறு விஷயம். அந்த பியூஸ் பேட்டரிக்கு அருகில் இல்லை. டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை உள்ள ஒயர் எங்காவது தகட்டில் உரசிக் கிழிந்திருந்தால், அதைத் துண்டிக்க எதுவும் இல்லாமல் கார் தீப்பிடித்திருக்கும். அப்பா உட்காரும் சீட்டுக்கு அடியில்தான் அந்த ஒயர் ஓடியது. பியூஸ் காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. ஆகவே அது பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒயர் தாங்கும் ஆம்பியரைவிட அதன் அளவு கூடவே கூடாது. இதை மட்டுமாவது இன்றே பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். அசல் செம்பில் 4 கேஜ் ஒயரும் லக்குகளும் 3,300 ரூபாய், நல்ல பியூஸ் ஹோல்டர் 450 ரூபாய் ஆயின. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்தேன். மாற்றிய பிறகு, அதே ஒலியில் ஆம்பின் முனையில் 13.6 வோல்ட் வந்தது. மின்னழுத்தம் குறையும்போது சில ஆம்ப்கள் அதே வெளியீட்டைத் தருவதற்காகக் கூடுதல் ஆம்பியர் இழுக்கின்றன. மற்றவை சீக்கிரமே ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுகின்றன. இரண்டுமே சூட்டில்தான் முடியும்.

அலையின் உச்சி வெட்டுப்படுவதற்கு என் பங்கும் இருந்தது. கெயின் என்ற திருகை ஒலியைக் கூட்டும் திருகு என்றே நினைத்திருந்தேன். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தி வைப்பதற்காக மட்டுமே அது இருக்கிறது. கடையில் அதை முழுவதும் திருகி வைத்திருந்தார்கள். பேஸ் பூஸ்ட்டும் உச்சத்தில் இருந்தது. ஸ்டீரியோவிலும் நான் பேஸை ஏற்றியிருந்தேன். 6 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு வாட் கேட்கிறோம் என்று பொருள். பூஸ்ட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, சப்பின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் சப் முனையில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தேன். எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: வாட்டையும் ஓம்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 100 வாட், 8 ஓம்ஸ் என்றால் 28 வோல்ட். என் ஆம்பில் அந்தச் சோதனையில் மீட்டர் அதைத் தாண்டி நின்றது. 28-ஐத் தொடும் வரை கெயினைக் குறைத்தேன். கதவு ஸ்பீக்கர்களுக்கும் இதே முறையில், 50 வாட், 4 ஓம்ஸுக்கு 14 வோல்ட் என்று வைத்தேன். தவிலின் நாதம் அதற்குப் பிறகுதான் தெளிவாகக் கேட்டது. அதுவரை நான் பேஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தது சிதைந்த உறுமல்.

காற்றோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாத வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். பல ஆம்ப்கள் 80 டிகிரியை ஒட்டித் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்பவை. ஆகவே கிளம்பும்போதே நமக்கு மிச்சம் இருப்பது இருபது டிகிரிதான். சப் பெட்டியின் மேல் வைத்தால் அதிர்வில் உள்ளே சாலிடர் விட்டுப்போகும் அபாயமும் சேர்கிறது. இப்போது பின்சீட்டின் முதுகில் ஒரு பலகையை ஒரு விரற்கடை இடைவெளி விட்டுப் பொருத்தி, வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி ஆம்பை அதில் வைத்திருக்கிறேன். சூடான காற்று தானாக மேலே ஏறிப் போய்விடுகிறது. கிளம்பும் முன் நான்கு கதவுகளையும் டிக்கியையும் ஐந்து நிமிடம் திறந்து வைப்பதும் பழக்கமாகிவிட்டது.

உங்கள் ஆம்ப் நிற்கிறது என்றால், அது எப்போது நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அரைமணி நேரம் ஓடி, சூடாகி நின்று, ஆறியதும் திரும்பி வந்தால் நான் சொன்ன காரணங்களில் ஒன்றோ பலவோ இருக்கும். பேஸ் அடித்த உடனே நின்றால் ஓம்ஸ் மிகக் குறைவு, அல்லது மின்னழுத்தம் விழுகிறது. ஸ்பீக்கர் ஒயர் கதவுக் கீலில் நசுங்கித் தகட்டைத் தொட்டாலும் ஆம்ப் நிற்கும். ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, அதற்கும் காரின் பாடிக்கும் இடையில் ஓம்ஸ் அளந்தால் மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர்களையும் கழற்றிய பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, சும்மா இருக்கும்போதே சூடேறினாலோ, அப்போதுதான் குறை ஆம்புக்குள் இருக்கிறது. அப்போதுதான் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

ஃபேன், கப்பாசிட்டர், பழுது பார்த்த கூலி, பேட்டரி, இரண்டாவது ஆம்ப் என்று நான் வீணாக்கியது 19,350 ரூபாய். சரிசெய்ய ஆனது, மீட்டரையும் சேர்த்து, 4,500 ரூபாய். பதினொரு சனிக்கிழமைகள் கடைகளின் வாசலில் கழிந்தன. அவற்றில் நான்கு முறை அப்பாவின் மதுரைப் பயணம் தள்ளிப்போனது. ஏப்ரல் கடைசியில் சோதனைக்காக, பழுது பார்த்து ஓரமாக வைத்திருந்த அந்தப் பழைய ஆம்பையே மீண்டும் மாட்டினேன். திருச்சியிலிருந்து மதுரை வரை ஏறத்தாழ 135 கிலோமீட்டரும் நிற்காமல் பாடியது. இறங்கும்போது அதன் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. அன்றிலிருந்து அதுதான் ஓடுகிறது.

இரண்டாவது ஆம்பைத் திண்டுக்கல்லில் இருக்கும் தங்கையின் கணவருக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் சப்பை மீட்டரில் அளந்து பார்த்தேன். தலா 2 ஓம்ஸில் இரண்டு காயில்கள், பேரலலில், மொத்தம் 1 ஓம்ஸாகக் கட்டியிருந்தார்கள். அதைத் தொடரிணைப்பில் 4 ஓம்ஸாக மாற்றி, எர்த் தகட்டைத் தேய்த்து, பியூஸைப் பேட்டரி பக்கம் கொண்டுவந்த பிறகுதான் ஆம்பை மாட்டினோம்.